ரெண்டாவது மிதியில் பிடிக்கும் பிரேக்

அம்பாசடர் கார் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் பழைய அம்பாசடரை ஆசையாக வைத்திருப்பவர்கள் நம்மூரில் உண்டு. "பெடல் கொஞ்சம் அமுங்கும், ரெண்டு தடவை மிதிச்சா பிடிச்சுக்கும்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அது பழைய காரின் குணம் இல்லை, நோய்!

என்ன நோய் என்று பெடலே சொல்லிவிடும். பஞ்சு மாதிரி அமுங்கினால் பைப்பில் காற்று. ஆழமாகப் போய், மறுமிதியில் மேலே வந்து கெட்டியாக நின்றால் டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி அதிகம். அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால், எங்கோ ஒழுகுகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் தேய்ந்துவிட்டது.

மூன்றுக்கும் ஆயில் ஊற்றிச் சமாளிப்பதுதான் தப்பு. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரி அளவிலேயே கொதித்து ஆவியாகலாம். அப்போது பெடல் தரையைத் தொடும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது ரெண்டாவது மிதிக்கு நேரம் இருக்குமா? பெயிண்டுக்குத் தாராளமாகச் செலவழிப்பவர்கள், ரப்பருக்கும் ஆயிலுக்கும் மட்டும் கணக்குப் பார்க்கலாமா?