குறி மட்டும் போதாது

மட்டாஞ்சேரி கடைத்தெருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்பதில்லை. ஆனால் இடுக்கியிலிருந்தும் வயநாட்டிலிருந்தும் மிளகும் ஏலமும் சுக்கும் ஏற்றி வரும் லாரிகளோடு மலையோரத்தின் கவலையும் இங்கே வந்து இறங்குகிறது. ஒரே இரவில் மரவள்ளித் தோட்டத்தை உழுது போட்டுவிட்டுப் போகும் காட்டுப்பன்றிதான் அந்தக் கவலை.

காட்டுப்பன்றியைத் தீங்கு தரும் விலங்காக அறிவிக்கச் சொல்லி கேரளம் கேட்டது. மத்திய அரசு மறுத்தது. 2022 மே மாதம் கேரள அமைச்சரவை வேறு வழி கண்டது. உள்ளாட்சித் தலைவர்களைக் கௌரவ வனவிலங்குக் காப்பாளர்களாக்கி, பயிரழிக்கும் பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை அவர்களுக்கு அளித்தது. சுடுபவர் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். விஷம், வெடி, மின்வேலி கூடாது. செத்த பன்றியைச் சமைக்காமல் புதைக்க வேண்டும்.

வெடி கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. 2020 மே 27 அன்று பாலக்காடு மாவட்டம் மண்ணார்க்காடு வனப்பகுதியில், வாய் சிதைந்த கர்ப்பிணி யானை ஒன்று வெள்ளியாற்றில் நின்றபடியே உயிர்விட்டது. பன்றிக்கு வைத்த வெடியை அது கடித்திருந்தது. தமிழ்நாட்டில் இதற்கு அவுட்டுக்காய் என்று பெயர். அதை யார் கடிப்பார்கள் என்று வைப்பவனுக்குத் தெரியாது. துப்பாக்கி அப்படியல்ல. விசையை அழுத்துபவனுக்கு எதிரே நிற்பது எது என்று தெரியும், தெரிய வேண்டும்.

எதைக் கொண்டு சுடுவது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. போட்டிகளில் பயன்படும் 'மேட்ச்' குண்டு குறி தவறாதது என்று பெயரெடுத்தது. அதையே காட்டுக்கும் எடுத்துப் போனால் என்ன என்று துப்பாக்கி பிடிக்கும் இளைஞர்கள் பலருக்குத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் பதில், கூடாது.

போட்டிக் குண்டுக்கு ஒரே வேலைதான்: ஒரே அளவில், ஒரே எடையில், ஒரே பாதையில் போய்க் காகிதத்தில் துளையிடுவது. அதன் நுனியில் சிறு துளை ஒன்று தெரியும். விரிவதற்காக வைத்தது அல்ல அது. செம்பு உறையை அடியிலிருந்து நுனிக்கு இழுத்து மூடும்போது மிஞ்சும் இடைவெளி. போர்க்களத்தில் விரியும் குண்டுகளுக்குத் தடை இருந்தும், இந்தக் குண்டு அந்தத் தடைக்குள் வராது என்று 1990இல் அமெரிக்க ராணுவத்தின் சட்டப்பிரிவு கருத்துத் தெரிவித்ததும் இதனால்தான்: இது விரிவதற்காகச் செய்யப்பட்டதல்ல. உடலுக்குள் போனால் சில நேரம் ஊசி போல மறுபக்கம் போய்விடும். சில நேரம் எலும்பில் பட்டு மேலேயே சிதறிவிடும். எது நடக்கும் என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்ட குண்டுகளுக்குப் பேர்போன சியரா நிறுவனமே, தன் 'மேட்ச்கிங்' குண்டை வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை.

வேட்டைக் குண்டு வேறு பிறவி. நுனியில் ஈயம் வெளியே தெரியும். அடிப்பக்கம் உறை தடித்திருக்கும். பட்டதும் நுனி காளான்போல விரியும். துளை பெரிதாகும், வேகம் உடலுக்குள்ளேயே செலவாகும், விலங்கு சீக்கிரம் சாயும். இதன் குறித்திறன் சற்றுக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் 300 மீட்டர் ரைபிள் போட்டியில் 10 புள்ளி வட்டத்தின் விட்டமே 10 சென்டிமீட்டர். பன்றியின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி அதைவிடப் பெரிது. தூரமோ அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. மிச்சமிருக்கும் துல்லியத்தால் பயனில்லை.

விரியும் குண்டின் வரலாற்றில் இந்தியாவின் பெயரும் இருக்கிறது. 1890களில் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் பிரிட்டிஷ் அதிகாரி பெர்ட்டி கிளே உருவாக்கிய குண்டுக்கு ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது. மனிதன்மீது பாய்ச்சக் கொடூரமானது என்று 1899இல் ஹேக் பிரகடனம் விரியும் குண்டுகளைப் போரிலிருந்து விலக்கியது. போர்வீரனைச் செயலிழக்க வைத்தால் போதும். விலங்கையோ அரைகுறையாக விட்டால் அது புதருக்குள் கிடந்து மணிக்கணக்கில் சாகும், அல்லது மறுநாள் காலை விறகு பொறுக்கப் போகிறவர்மீது பாயும். மனிதனுக்குக் கொடுமை என்று விலக்கியதே விலங்குக்குக் கருணையாகிறது.

எல்லா விலங்குக்கும் ஒரே விதி இல்லை. யானை வேட்டை நடந்த காலத்தில் அதன் கனத்த மண்டையோட்டுக்கு விரியாத 'சாலிட்' குண்டைத்தான் பயன்படுத்தினார்கள். ஆப்பிரிக்காவில் 'கரமோஜோ' பெல் சிறிய .275 ரைபிளாலேயே நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தியது அத்தகைய குண்டுகளால்தான். ஆனால் சாலிட் குண்டும் போட்டிக் குண்டும் ஒன்றல்ல. முன்னது எலும்பில் பட்டாலும் உருக்குலையாதபடி கனத்த உறையோடு செய்தது. பின்னதன் உறை மெல்லியது.

கேரள மலையோரத்தில் இந்தத் தேர்வு இன்னும் எளிமையாகிவிடுகிறது. அங்குள்ள துப்பாக்கிகளில் பெரும்பாலானவை 12 போர் இரட்டைக் குழல். அதில் கேள்வி, பறவைக்கான பொடிச் சன்னமா, எல்.ஜி., எஸ்.ஜி. என்னும் பெருஞ்சன்னமா, ஒற்றைக் குண்டா என்பதுதான். பொடிச் சன்னம் பன்றியைக் காயப்படுத்தும், கொல்லாது. பெருஞ்சன்னமும் 40 மீட்டருக்கு அப்பால் சிதறிவிடும். சுடுவது பெரும்பாலும் இரவில். பன்றிக்குப் பின்னால் மண்மேடா, மனிதர் குடியிருக்கும் வீடா என்று பார்க்காமல் சுட்டால் எந்தக் குண்டும் நல்ல குண்டு அல்ல.

தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு பாதை எடுத்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் மட்டுமே சுடலாம் என்றது. இரு மாநிலங்களிலும் விவாதம் யார் சுடலாம் என்பதைச் சுற்றியே நடக்கிறது. பட்டியலில் சேரும் ஒவ்வொருவரும் என்ன தோட்டா போடுகிறார், எத்தனை மீட்டரில் அவர் கை நம்பகமானது என்பதை ஆண்டுக்கொரு முறை சோதிப்பது ஒன்றும் பெரிய செலவல்ல. லைசென்ஸ் என்பது துப்பாக்கி வைத்திருக்கத்தான் அனுமதி. சுடத் தெரியும் என்பதற்குச் சான்று அல்ல.

மட்டாஞ்சேரி அரண்மனையின் பள்ளியறைச் சுவரில் ராமாயணம் தசரதனின் வேள்வியிலிருந்து தொடங்குகிறது. அதே தசரதன் இளவயதில் ஆற்றங்கரை இருட்டில், யானை தண்ணீர் குடிப்பதாக நினைத்துச் சத்தத்தைக் குறிவைத்து அம்பெய்தான். குறி கொஞ்சமும் தவறவில்லை. செத்தது, பார்வையற்ற பெற்றோருக்குத் தண்ணீர் மொள்ள வந்த பிள்ளை.