வினா முதலா, பாடப்பட்டியல் முதலா?

பொருள்கள் விசைக்கு உட்பட்டு எவ்வாறு அசையும், வளையும், உடையும் என ஆராயும் விசையியலில் முதுமாணிப் பட்டத்துக்குப் பதிவுசெய்யும் மாணவர் முதற்கண் செய்யும் காரியம் யாது? பாடநெறிப் பட்டியலைக் கையிலெடுத்து, எப்பாடம் சனிக்கிழமைக்கு ஒத்துவரும், எதிற் பரீட்சை இலகு, எவர் புள்ளியைத் தாராளமாக வழங்குவார் எனக் கணக்குப் பார்ப்பதேயாம். ஆய்வேடு பற்றிய பேச்சுப் பாடங்களெல்லாம் முடிந்த பின்னரே எழுகின்றது. இவ்வொழுங்கு தலைகீழானது என்பதே எமது வாதம். ஆய்வுக்குரிய வினா முதலிற் பிறக்க வேண்டும். பாடநெறிகள் அவ்வினாவுக்கு ஏவல் செய்ய வேண்டும்.

இது வெறும் நிர்வாகப் பூசலன்று. இலங்கையின் தகைமைச் சட்டகம் பாடநெறிகளால் மாத்திரம் பெறும் முதுமாணிக்கு 30 கிரெடிற்றுகளையும், ஆய்வுக்கூறும் இணைந்த முதுமாணிக்கு 60 கிரெடிற்றுகளையும் விதிக்கின்றது. பின்னையது கூடுதலாக வேண்டி நிற்பது, ஒரு வினாவைத் தாமே எழுப்பி, கிடைத்த விடையைத் தாமே சோதித்துக்கொள்ளும் ஆற்றலை. அவ்வாற்றல் முதிரக் காலம் வேண்டும். அதற்குரிய வேலையை இறுதி மாதங்களுக்கு ஒதுக்கிவிட்டால் நேர்வது யாது? பகலிற் தொழில் பார்த்து வார இறுதியிற் படிப்பவர் களைத்துப்போய் டிப்ளோமாவோடு நின்றுவிடுகிறார்; அன்றேல், கைக்கெட்டிய மென்பொருளில் ஒரு மாதிரியை ஓடவிட்டு, வந்த வண்ணப்படங்களை அடுக்கி ஆய்வேடு எனக் கட்டிக் கொடுக்கிறார்.

இத்தகைய ஆய்வேடுகளுக்குத் தெளிவான நோய்க்குறி ஒன்றுண்டு. கூரிய உள்மூலையுடைய ஓர் உலோகத் துண்டினை முடிவுறு மூலக முறையால் ஆராய்ந்து, மூலையில் எழும் உச்சத் தகைப்பு இவ்வளவென மூன்று தசமதானம்வரை எழுதிவிடுவர். வலையை நுணுக்கினால் அவ்வெண் உயரும். மேலும் நுணுக்கினால் மேலும் உயரும். ஏனெனில், மீள்தன்மைக் கொள்கையின்படி அம்மூலையில் தகைப்புக்கு எல்லையே இல்லை. அங்கு கேட்கவேண்டியது, வெடிப்பொன்று வளர எவ்வளவு சக்தி செலவாகும் என்ற வேறு வினா. 1921 இல் வெளியான கட்டுரையிற் கிரிபித் கண்ணாடியைக் கொண்டு அவ்வழியைக் காட்டிவிட்டார். அதை அறியாமல் வலையை மட்டும் நுணுக்குபவர் எண்களைத்தான் பெருக்குகிறார், அறிவைப் பெருக்கவில்லை.

விளைவு காகிதத்தோடு நிற்பதுமில்லை. 1991 ஆகஸ்ட் 23 ஆம் நாள், நோர்வேயின் ஸ்ரவாங்கர் நகருக்கு அண்மையிலுள்ள நுழைகடலில், ஸ்லைப்னர் ஏ என்னும் கடல் எரிவாயு மேடையின் கொங்கிறீற்று அடிப்பாகம் சோதனைக்காகத் தாழ்த்தப்பட்டபோது, உட்சுவரொன்று உடைந்து முழுவதும் மூழ்கியது. உயிர்ச்சேதம் இல்லை, நட்டம் ஏறத்தாழ 70 கோடி டொலர் என மதிக்கப்பட்டது. அறைகள் சந்திக்கும் இடத்துச் சுவர்களின் கொய்வுத் தகைப்பை, முடிவுறு மூலகக் கணிப்பு 47 சதவீதம் குறைத்து மதித்திருந்தமை பின்னர் தெரியவந்தது. இங்கு கவனிக்கத்தக்கது யாதெனில், அதே முறையைக் கவனத்துடன் கையாண்டு மீளக் கணித்தபோது 62 மீற்றர் ஆழத்தில் உடையும் என விடை வந்தது. உண்மையில் உடைந்ததோ 65 மீற்றரளவில். முறையிற் குற்றமில்லை. சுவரை ஒரு வளையாகக் கருதித் தாளில் இடும் எளிய கணக்கினால் கணினியை விசாரிக்கும் பழக்கமே வேண்டியிருந்தது. அப்பழக்கத்தை எந்தப் பாடப்பட்டியலும் தாராது. வினாவோடு நெடுநாள் மல்லுக்கட்டுவதே தரும்.

அப்படியாயின் திட்டம் எவ்வாறு அமைய வேண்டும்? எமது மண்ணிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பனைமரத்தின் வைரம் வெளிப்புறத்திலும் மென்மை உட்புறத்திலும் உள்ளது. வட இலங்கை வீடுகளின் கூரைகளை அது வளையாகவும் சிலாகையாகவும் தாங்கிவந்துள்ளது. பாடநூற் சூத்திரமோ குறுக்குவெட்டு முழுவதும் ஒரே விறைப்பு எனக் கொள்கிறது. இத்தகைய வளை எப்பாரத்தில், எவ்வாறு முறியும்? இவ்வினாவை ஒரு மாணவர் முதல் மாதத்தில் ஒரு பக்கத்தில் எழுதி, அதன் கீழ்க் கைக்கணிப்பொன்றையும் இடட்டும். அவர் கற்கவேண்டியவை தாமே வரிசைப்படும்: திசைக்குத் திசை குணம் மாறும் பொருள்களின் மீள்தன்மைக் கொள்கை; பரிசோதனைத் தகைப்பாய்வு; இரு மரங்கள் ஒருபோதும் ஒன்றாக இரா என்பதாற் புள்ளிவிபரவியல்; இவற்றின் பின்னரே முடிவுறு மூலக முறை. இரண்டாம் தவணையிற் சில மாதிரிகளை முறித்துப் பார்த்துவிட்டால், எஞ்சிய பாடங்கள் எவை என்பதையும் முறிந்த மரமே சொல்லும்.

ஒன்றுமறியாத மாணவர் முதல் மாதத்தில் எவ்வாறு வினா எழுப்புவார் எனச் சிலர் கேட்பர். முதல் வினா முடிந்த வினாவாக இருத்தல் வேண்டும் என யாம் கூறவில்லை. அது திருந்தலாம், மாறவும் மாறலாம். ஆயினும், வினாவோடு விரிவுரைக்குச் செல்பவர் கேட்கும் விரிவுரை வேறு. வெறுங்கையோடு செல்பவர் கேட்பது வேறு. இவ்வழி அறிவைக் குறுக்கிவிடும் என்பது மற்றோர் ஆட்சேபம். அதற்காகவே தொடர்ம விசையியலும் உயர்கணிதமும் எல்லோர்க்கும் கட்டாயமாக இருத்தல் வேண்டும் என்கிறோம். அவற்றுக்கு அப்பால் நேரசூசி பொறுக்கித் தந்த பாடங்களை அகலம் என்றழைப்பது, சந்தையில் மலிந்ததையெல்லாம் வாங்கிவந்து விருந்து என்பதற்கு ஒப்பாகும்.

பழி மாணவர்மேல் மாத்திரம் சாராது. பதிவு நாளிற் பாடப்பட்டியலை நீட்டும் துறைகள், தம் விரிவுரையாளர் விடைதேடி நிற்கும் வினாக்களின் பட்டியலையும் அதனுடன் நீட்டுவதற்குத் தடை யாது? தமக்கென வினா இல்லாத மேற்பார்வையாளரிடம் மாணவர் எதனைப் பெறுவர்? ஆய்வேட்டு முன்மொழிவு முதலாம் தவணையிலேயே ஒப்படைக்கப்பட வேண்டும். பாடத்தெரிவு அதன்பின் மேற்பார்வையாளரின் ஒப்பத்துடன் நிகழ வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ புதிய நிதியோ வேண்டியதில்லை. வரிசையை மாற்றும் துணிவே வேண்டும். அதுவரை, இவ்வாண்டு பதிவுசெய்யும் மாணவராவது பாடப்பட்டியலைச் சற்று மடித்து வைத்துவிட்டு, ஒரு வெற்றுத்தாளில் தம் வினாவை எழுதத் தொடங்குவாராக.