விழுந்தவர்களை யார் எண்ணுகிறார்கள்?

பேருந்தின் கடைசிப் படியிலிருந்து இறங்கும் ஒருவர் தரையில் குதிகாலை ஊன்றும் அந்த அரை நொடியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். உடல் எடை முழுவதும் அந்தக் காலில் இறங்குகிறது. தரை அதே விசையோடு திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுவிசை முழங்காலுக்குப் பின்பக்கமாகப் போவதால் மூட்டு மடங்கப் பார்க்கிறது. நல்ல காலில் தொடையின் முன்தசை இறுகி அதைத் தடுத்துவிடும். நமக்கு அது தெரிவதுகூட இல்லை. முழங்காலுக்கு மேலே காலை இழந்தவருக்கு அந்த மூட்டைக் கடந்து போகும் தசை ஒன்றும் கிடையாது. மிச்சமிருக்கும் தொடையை, அதைச் செயற்கைக் காலோடு பொருத்தும் உறையான சாக்கெட்டின் பின்சுவரோடு அழுத்திப் பிடித்துத்தான் மூட்டை நேராக நிறுத்துகிறார். யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பினாலோ, ஊன்றிய இடத்தில் ஒரு சல்லிக்கல் கிடந்தாலோ, மூட்டு சட்டென்று மடிந்துவிடும். செயற்கைக் காலைப் பற்றிப் பேசும்போது எத்தனை பேருக்குக் கொடுத்தோம், எவ்வளவு எடை தாங்கும், என்ன விலை என்ற மூன்றையும் நாம் கேட்கிறோம். அதை மாட்டிக்கொண்டவர் எத்தனை முறை விழுந்தார் என்று கேட்பதில்லை. இந்த நான்காவது கேள்வியிலிருந்துதான் மூட்டின் வடிவமைப்பே தொடங்க வேண்டும், அரசு கொள்முதலும் அதைத்தான் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் வாதம்.

விழுவது எப்போதோ நடக்கும் விபத்து என்று நினைத்துவிடக் கூடாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் காலிழந்த 435 பேரிடம் நடத்தி 2001-ல் வெளியான ஆய்வில், முந்தைய ஓராண்டுக்குள் ஒருமுறையாவது விழுந்ததாகச் சொன்னவர்கள் 52 சதவீதம். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தோடு இருப்பதாகச் சொன்னவர்களும் ஏறக்குறையப் பாதிப் பேர். அந்த 435 பேரில் முழங்காலுக்குக் கீழே காலிழந்தவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொந்த மூட்டு இருக்கிறது. மருத்துவ வசதியும் சமதளமான நடைபாதையும் உள்ள நாட்டின் நிலவரம் இது. விழுந்தவருக்கு எலும்பு முறிவது ஒரு பக்கம். பயத்தினால் நடையையே குறைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய இழப்பு. சந்தைக்குப் போவதை நிறுத்துவார், பிறகு வேலைக்குப் போவதை. கடைசியில் கால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். வழங்கப்பட்ட கால்களின் கணக்கில் மட்டும் அவர் தொடர்ந்து நடந்துகொண்டிருப்பார்.

இந்தியாவில் பாதத்துக்குக் கிடைத்த கவனம் மூட்டுக்குக் கிடைக்கவில்லை. ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்தர் சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் 1968-ல் உருவாக்கிய ரப்பர் பாதம், வெறுங்காலோடு வரப்பில் நடப்பவருக்கும் தரையில் சம்மணமிட்டு உட்காருபவருக்கும் பொருந்தும்படி அமைந்தது. உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது. ஆனால், அந்தப் பாதத்தின் முழுப் பயனும் சொந்த முழங்கால் தப்பியவருக்கே. மூட்டையும் இழந்தவருக்கு நெடுங்காலமாகக் கிடைத்துவருவது இரண்டில் ஒன்று. கதவுக் கீல் போல ஒரே அச்சில் மடங்கும் மூட்டு. அல்லது, நிற்கும்போதும் நடக்கும்போதும் பூட்டியே இருந்து, உட்காரும்போது மட்டும் கையால் விடுவிக்கும் லாக் வைத்த மூட்டு.

பூட்டி வைத்தால் மடங்காது, மடங்காவிட்டால் விழமாட்டார், ஏழைக்கு இதைவிடப் பாதுகாப்பான மலிவான வழி எது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இடுப்பில் வலுவில்லாத முதியவருக்கும், வீட்டுக்குள் பத்தடி நடந்தால் போதும் என்பவருக்கும் லாக் மூட்டுதான் சரி. ஆனால், விழுவதற்கு மூட்டு மடிய வேண்டும் என்பதில்லை. நடக்கும்போது பின்னாலிருக்கும் காலை முன்னால் வீச வேண்டும். அப்போது முழங்கால் மடங்கினால்தான் கால் சற்றுக் குட்டையாகி, கட்டைவிரல் தரையில் உரசாமல் போகும். நல்ல காலிலேயே கட்டைவிரலுக்கும் தரைக்கும் நடுவே அந்த நேரத்தில் ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். பூட்டிய கால் குட்டையாகாது. அதனால் இடுப்பைத் தூக்கியோ, காலைப் பக்கவாட்டில் அரைவட்டமாக வீசியோ நடக்க வேண்டியிருக்கிறது. சீக்கிரம் களைப்பு வரும். களைத்தவர் தூக்கும் உயரம் குறையும். பெயர்ந்த ஓடு ஒன்று போதும், இடறிவிடுவார். இந்தச் சிக்கல் பழையவர்களுக்கும் தெரிந்திருந்தது. 1815-ல் வாட்டர்லூ போரில் காலிழந்த ஆங்கிலேயப் பிரபுவுக்காக லண்டனின் ஜேம்ஸ் பாட்ஸ் செய்த மரக்காலில், முழங்கால் மடங்கும்போது பாதத்தின் முன்பகுதி தானாக மேலே எழும்படி உள்ளே நரம்புக் கயிறுகள் ஓடின. இருநூறு ஆண்டுக்கு முன்பே ஒரு கைவினைஞர் யோசித்த விஷயத்தை, இன்று மலிவு என்ற பெயரில் ஏழைகளுக்கு மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆக, ஒரே மூட்டிடம் நாம் இரண்டு எதிரெதிர் காரியங்களைக் கேட்கிறோம்: ஊன்றும்போது மடங்கவே கூடாது, வீசும்போது சுலபமாக மடங்க வேண்டும். ஒற்றைக் கீலால் இரண்டையும் செய்ய முடியாது. அச்சைச் சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளினால் ஊன்றும்போது உறுதி வரும், ஆனால் வீசுவதற்கு மடங்க மறுக்கும். முன்னால் கொண்டுவந்தால் அப்படியே தலைகீழ். இந்த முடிச்சை அவிழ்க்கும் வழிகளில் ஒன்று நான்கு சட்ட இணைப்பு. மிதி தையல் இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மிதிபலகை, அதிலிருந்து மேலேறும் தண்டு, சக்கரத்தின் கோணல் அச்சு, இவற்றைத் தாங்கும் சட்டகம் என்று நான்கு உறுப்புகள் நான்கு இடங்களில் இணைந்து ஒன்றையொன்று இழுத்துச் செல்கின்றன. அதே தத்துவத்தில், தொடைப் பகுதியையும் கெண்டைக்கால் பகுதியையும் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரு சட்டங்கள் இணைத்தால், மூட்டு ஒரே புள்ளியில் சுழலாது. சுழலும் மையம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கால் நேராக இருக்கும்போது அந்த மையம் மூட்டுக்கு மேலேயும் பின்னாலும், இரும்பே இல்லாத வெற்றிடத்தில் நிற்கும். தரையின் தள்ளுவிசை அதற்கு முன்பக்கமாகப் போவதால் மூட்டு இன்னும் இறுக்கமாக நேராகிறது. மேலே இருப்பதால், தொடையால் சிறிது அழுத்தினாலே கட்டுப்படுகிறது. மடங்கத் தொடங்கியதும் மையம் கீழிறங்கி முன்னால் வருகிறது, கால் தாராளமாக மடிகிறது. அதோடு கெண்டைக்காலும் கொஞ்சம் உள்ளிழுக்கப்பட்டுக் கட்டைவிரலுக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது. மோட்டாரோ பேட்டரியோ இல்லாமல், சட்டங்களின் நீளத்தைக் கணக்கிட்டே இவ்வளவையும் சாதிக்கலாம் என்பதில் எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

இது ஏட்டோடு நின்றுபோன யோசனையும் அல்ல. எண்ணெய் ஊறிய நைலானால் இந்த வகை மூட்டை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெய்ப்பூர் பாதத்தை வழங்கும் அமைப்புக்காக வடிவமைத்தார்கள். 2009-ன் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாக டைம் இதழ் அதைச் சேர்த்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையிலான டி.டி.கே. மையம், பெங்களூரின் மொபிலிட்டி இந்தியாவோடு சேர்ந்து 2022-ல் வெளியிட்ட 'கதம்' மூட்டும் இதே குடும்பம்தான். 160 பாகை வரை மடங்கும் என்பது அதன் சிறப்புகளில் ஒன்று. நாற்காலி நாகரிகத்துக்காகச் செய்த மூட்டு அவ்வளவு மடங்க வேண்டிய தேவையில்லை. ஆனால், பேருந்து இருக்கைகளின் நெருக்கத்தில் காலை மடக்கி வைக்கவும், தரையில் உட்கார்ந்து எழவும் நம் ஊரில் அந்தக் கோணம் வேண்டியிருக்கிறது.

நான்கு சட்டத்தோடு வேலை முடிந்துவிடாது. நான்கு இணைப்பு என்றால் தேய்வதற்கு நான்கு இடங்கள். ஒவ்வொரு ஊசியைச் சுற்றியும் புஷ் எனும் ஒரு வளையம். வட்டமாக இருந்த துளை, மண்ணும் வியர்வையும் சேர்ந்து அரைத்து, நாளடைவில் முட்டை வடிவமாகும். காலைக் கையில் பிடித்து ஆட்டினால் லொடலொட என்று அசையும். நேராகும்போது வந்து இடிக்கும் ரப்பர் கட்டை நசுங்கிப் போனால், அடிக்கு ஒருமுறை 'டக்' என்று சத்தம் வரும். சில மில்லிமீட்டரை நம்பியிருக்கும் உறுதி, சில மில்லிமீட்டர் தேய்மானத்தாலேயே கரையும். எனவே வடிவமைப்பாளரிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான்: புதிதாக இருக்கும்போது எப்படி வேலை செய்கிறது என்பது சரி, கெட்டுப்போகும்போது எந்தப் பக்கம் கெடுகிறது? எடை ஏறினால் உராய்ந்து பிடிக்கும் பிரேக் மூட்டுகள் உண்டு. சைக்கிள் பிரேக் கட்டை போலவே அவையும் தேயும். தேய்ந்த பிரேக் பிடிக்காமல் போனால் ஆள் கீழே. இதற்கு நேர்மாறான சிந்தனையும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மன் பொறியாளர் ஹான்ஸ் மௌக் செய்த எண்ணெய் உருளை மூட்டில், மடங்குவதற்கான தடை எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். முன்பாதத்தில் எடை சாய்ந்து மூட்டு பின்னோக்கி நன்றாக நிமிர்த்தப்பட்டால்தான் தடை விலகும். டொராண்டோவில் யான் ஆண்ட்ரிசெக் குழு உருவாக்கிய மூட்டில் கால் நேரானதும் பூட்டு தானாக விழும். அடுத்த அடிக்காக முன்பாதத்தை உந்தும்போது மட்டும் திறக்கும். இரண்டிலும் இயல்பு நிலை என்பது நிற்பது. மடங்குவதற்குத்தான் தனியாக ஓர் உத்தரவு தேவை. இப்படிப்பட்ட மூட்டு மக்கர் செய்தால் பெரும்பாலும் மடங்க மறுக்கும். மடங்க மறுக்கும் காலோடு இடறவும் வாய்ப்புண்டு, மறுக்கவில்லை. ஆனால், எடை ஏறியபின் திடீரென்று மடிவதைப் போல அது ஒரேயடியாகக் கைவிடாது.

தரச் சான்றிதழ் இருந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். ஐ.எஸ்.ஓ. 10328 என்ற பன்னாட்டுத் தரம் அவசியமானது. அதில் தேறாத மூட்டை ஒருவர் உடம்பில் மாட்டவே கூடாது. ஆனால், அது சோதிப்பது உடையுமா உடையாதா என்பதை. சாதாரண நடையைவிடச் சற்றுக் கடுமையான சுமையை 30 லட்சம் முறை ஏற்றி இறக்கிப் பார்க்கிறார்கள். எண் பெரிதாகத் தோன்றும். செயற்கைக் காலால் நாளுக்கு 3,000 அடி வைப்பவர் அந்த எண்ணிக்கையை ஆயிரம் நாளில், மூன்றாண்டுக்குள் தொட்டுவிடுவார். தெருத்தெருவாகப் பொருள் விற்று 5,000 அடி நடப்பவருக்கு 600 நாள்தான். சோதனைக் கூடத்து இயந்திரம் சேற்றில் நடப்பதில்லை. மாமல்லபுரத்துக் கடற்கரை மணல் அதன் புஷ்ஷுக்குள் போவதில்லை. அது இடறுவதும் இல்லை, பயப்படுவதும் இல்லை. உடையாத மூட்டு விழவைக்காத மூட்டாகவும் இருக்க வேண்டும் என்பதற்கு அந்தச் சான்றிதழ் பொறுப்பேற்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப, மனிதர்கள் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நடந்து பார்க்கும் களச் சோதனையைத் தவிர வேறு வழியில்லை.

பணம் இருந்தால் கணினி மூட்டு வாங்கிவிடலாம், இயந்திர மூட்டோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. 1997-ல் சந்தைக்கு வந்த சி-லெக் முதல், நொடிக்குப் பலமுறை காலின் நிலையை அளந்து தடையைக் கூட்டிக் குறைக்கும் மூட்டுகள் விழுவதைக் குறைப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அந்தச் சான்றை நான் மதிக்கிறேன். வாங்க முடிந்தவர்களும் காப்பீடு பெற்றவர்களும் தயங்காமல் வாங்கட்டும். ஆனால், பல லட்ச ரூபாய் விலையும், தினமும் சார்ஜ் ஏற்றும் கட்டாயமும், பழுதானால் எங்கோ அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நிலையும் கட்டடத் தொழிலாளிக்கோ ஆடு மேய்ப்பவருக்கோ ஒத்துவராது. கணினி மூட்டின் வெற்றியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், இடறும் கணத்தில் கால் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பது. அந்தக் குணத்தை எஃகாலும் எண்ணெயாலும் முடிந்த அளவு கொண்டுவரலாம் என்பதற்கு மௌக்கும் ஆண்ட்ரிசெக்கும் சாட்சி.

விழுவதற்குக் காரணம் மூட்டில்லை, பயிற்சியின்மைதான் என்று இத்துறையில் இருப்பவர்களே சொல்வதுண்டு. அதில் பாதி உண்மை. சாக்கெட் தளர்ந்திருந்தால் எந்த மூட்டும் உதவாது. பொருத்தும்போது கோணம் பிசகினால் நல்ல மூட்டும் ஆளைத் தள்ளும். ஆனால், இதே உண்மைதான் ஒரே நாளில் அளவெடுத்து மாட்டி, புகைப்படம் எடுத்து அனுப்பிவைக்கும் முகாம் முறைக்கு எதிரான வலுவான வாதமும்கூட. குறை மூட்டிலா, பொருத்தியதிலா, பயிற்சியிலா என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் விழுந்த செய்தி யாரிடமாவது வந்து சேர வேண்டும். மருத்துவச் சாதனங்களால் நேரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய மத்திய அரசு 2015-லேயே தனித் திட்டம் தொடங்கியிருக்கிறது. ஸ்டென்டும் பேஸ்மேக்கரும் அந்தப் பட்டியலில் வருவது போல, மடிந்து விழவைத்த முழங்கால் மூட்டும் வர வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் அழியாத வரிசை எண் ஒன்று பொறிக்கலாம். பயனாளியின் கையில், பொருத்திய தேதியும் அடுத்து வர வேண்டிய தேதியும் எழுதிய அட்டை ஒன்று கொடுக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் வரும்போது, எத்தனை முறை விழுந்தீர்கள், எங்கே, எந்த அடியில் என்று கேட்டு அதில் குறிக்கலாம். அடுத்த ஒப்பந்தப்புள்ளி கோரும்போது விலையோடு அந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்து எந்த மூட்டை வாங்குவது என்று முடிவு செய்யலாம். மாற்று புஷ்ஷும் ரப்பர் கட்டையும் மாவட்டத் தலைநகரிலேயே கிடைக்கும்படி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையை அதே ஒப்பந்தத்தில் எழுதலாம். கைவிரலளவு கூட இல்லாத ஒரு வளையத்தை மாற்ற, தென்காசியிலிருந்து ஒருவர் லொடலொடக்கும் காலோடு சென்னைக்கு ரயிலேற வேண்டிய நிலை இருக்கக் கூடாது.