கூரை மாற்ற எவ்வளவு ஆகும்? கல்வராயன் மலையில் கணக்கு ஏன் மாறுகிறது

"கூரையை மட்டும் மாத்தணும், எவ்வளவு ஆகும்?" கள்ளக்குறிச்சியில் எந்த மேஸ்திரியிடம் கேட்டாலும் தொகை வராது, ஒரு கேள்விதான் வரும்: "சுவர் என்ன சுவர்?"

அந்தக் கேள்வியில்தான் பாதிக் கணக்கு இருக்கிறது. ஓடா, ஷீட்டா, தளமா என்று நாம் மேலே பார்த்துக்கொண்டு இருக்கிறோம். செலவைத் தீர்மானிப்பது கீழே இருக்கும் சுவரும், வீடு வரைக்கும் போகும் ரோடும்தான்.

300 சதுர அடியில் ஐந்து அங்குல கனத்துக்கு கான்கிரீட் தளம் போடுவதாக வைத்துக்கொள்வோம். 125 கன அடி கான்கிரீட் வேண்டும். அதற்கு ஏறக்குறைய 28 மூட்டை சிமென்ட், கால் டன்னுக்கு மேல் கம்பி, மீதி ஜல்லியும் எம்-சாண்டும். எல்லாம் சேர்ந்து தலைக்கு மேலே நிற்கப்போகும் எடை எட்டரை டன். மண்சுவர் இதைத் தாங்காது. மண் சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவரையும் நம்ப முடியாது. ஆகவே மண்சுவர் குடிசைக்காரர் 'கூரை மாற்றுகிறேன்' என்று இறங்கினால், அஸ்திவாரம் தோண்டுவதில்தான் போய் முடியும். அவர் கேட்டது கூரைக்கு விலை, கிடைப்பது வீட்டுக்கு விலை.

அரசின் கணக்கே இதை ஒப்புக்கொள்கிறது. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கான தொகை ரூ.1.20 லட்சம். மத்திய அரசு ரூ.72,000, மாநில அரசு ரூ.48,000. இந்தப் பணத்தில் கான்கிரீட் தளம் போட முடியாது என்பதால், கூரைக்கென்றே தமிழ்நாடு அரசு இன்னொரு ரூ.1.20 லட்சம் தனியாகத் தருகிறது. வீட்டுக்கு எவ்வளவோ, கூரைக்கும் அவ்வளவு! 2024-25இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ரூ.3.50 லட்சம், பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குத் தளம் கட்டாயம். மீதி 60 சதுர அடிக்கு மட்டும் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம்.

தளம் வேண்டாம், ஷீட் போதும் என்பவர்களுக்கு வேறு கணக்கு. இங்கே பலர் ஏமாறும் இடம் பரப்பளவு. வீடு 15-க்கு 20 அடி, ஆக 300 சதுர அடி என்று கடைக்குப் போனால் ஷீட் பத்தாது. மழைச் சாரல் சுவரில் அடிக்காமல் இருக்க நாலு பக்கமும் ஒன்றரை அடி இறவாணம் விட்டால் பரப்பு 414 சதுர அடி ஆகிறது. கூரைச் சரிவு 30 டிகிரி என்றால் அதுவே 478. இதற்கு மேல் ஷீட்டுக்கு ஷீட் ஏறி உட்காரும் ஓவர்லாப் வேறு. சரிவைக் குறைத்தால் ஷீட் மிச்சமாகும், ஆனால் மலை மழைக்குத் தண்ணீர் பின்வாங்கி உள்ளே ஒழுகும். அந்த மிச்சம் மிச்சமில்லை.

ஷீட்டைவிட அதைத் தாங்கும் சட்டத்துக்குத்தான் பல வீடுகளில் அதிகம் போகிறது. பழைய மூங்கில் வாரை மேலேயே தகர ஷீட்டை வைத்துக் கட்டினால் முதல் ஆடிக்காற்றுக்குத் தாங்கும், இரண்டாவதற்குச் சந்தேகம். காற்று கூரையை அமுக்குவதில்லை, தூக்குகிறது. இரும்புக் குழாய், வெல்டிங், ஜே-போல்ட், சுவரோடு பிடிப்பு எல்லாம் அதற்காகத்தான். செலவைக் குறைக்க நினைக்கும் எல்லாரும் முதலில் கைவைப்பதும் அங்கேதான். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் போட்டுத் தாக்கியபோது, சேதமடைந்த குடிசைக்கு அரசு அறிவித்த நிவாரணம் ரூ.10,000. அவசரத்துக்கு அது உதவி. மேலே சொன்ன சட்டத்தை நிறுத்த அது காணாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மலிவு என்பதற்காக ஆஸ்பெட்டாஸ் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஆபத்து அதிகமாவது உடைக்கும்போதும் மெஷினில் அறுக்கும்போதும் பறக்கும் தூசியில். பழைய ஷீட்டைக் கழற்றும்போது நனைத்து, உடைக்காமல் இறக்க வேண்டும். அந்தக் கூலியையும் கணக்கில் சேருங்கள்.

சமவெளியில் கரும்புச் சோகைக் கூரைக்குப் பெரிய காசு கிடையாது. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளைச் சுற்றிய கரும்புக் காட்டில் சோகை கிடைக்கும். மலையிலும் புல்வேய்ந்த கூரைக்குப் பணத்தைவிட ஆளும் நாளும்தான் செலவு. புல் அறுக்க, சுமக்க, வேய ஊரே கைகொடுக்கும். ஆனால் சில வருஷத்துக்கு ஒருமுறை மறுபடியும் வேய வேண்டும். ஆள் வேலைக்காக வெளியூர் போய்விட்டால் அந்தக் 'கூலியில்லாத' கூரைக்கும் கூலி வந்துவிடுகிறது.

இப்போது ரோட்டுக்கு வருவோம். அந்த எட்டரை டன் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை வரை லாரியில் ஏறிவிடும். அங்கிருந்து கிளைக் கிராமத்துக்கு ரோடு இல்லையென்றால் டிராக்டர், டிராக்டரும் போகாத இடத்தில் தலைச்சுமை. ஒரு நடைக்கு 25 கிலோ என்றால் 340 நடை! தளம் ஒரே நாளில் போட்டு முடிக்க வேண்டிய வேலை. சென்ட்ரிங் பலகை, மிக்சர், ஆட்கள் எல்லாம் ஒன்றாக மேலே வந்தாக வேண்டும், வாரக்கணக்கில் நனைக்கத் தண்ணீரும் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது நல்ல செய்திதான். விலைக் குறைப்பு முழுசாக வந்து சேர்ந்தாலும், 28 மூட்டைக்கு இரண்டு மூட்டை அளவு பணம் மிஞ்சும். ஏற்றுக்கூலி அதை விழுங்க எவ்வளவு நேரம் ஆகும்?

கல்வராயன் மலையில் ரோடு இல்லாத குறை புதிய கண்டுபிடிப்பு இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, மலைமக்களின் அடிப்படை வசதிகள் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்தே வழக்கை எடுத்தது. இருந்தும் வீட்டுத் திட்டங்களின் தொகையில் மலைக்கும் தரைக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. பிரதமர் திட்டத்தில் மலை மாநிலங்களுக்கு ரூ.1.30 லட்சம் உண்டு, தமிழ்நாடு சமவெளிக் கணக்கில் வருவதால் வெள்ளிமலைக்கும் ரூ.1.20 லட்சம்தான். பி.எம்.ஜன்மன் திட்டத்தில் ஒரு வீட்டுக்கான உதவி ரூ.2 லட்சம், ஆனால் அது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடிகளுக்கு. கல்வராயனில் பெரும்பான்மையாக வாழும் மலையாளிப் பழங்குடியினர் அந்தப் பட்டியலில் இல்லை.

இரண்டு விஷயங்களை அரசு செய்யலாம். ஒன்று, மலை ஊராட்சிகளுக்கு வீட்டுத் தொகையோடு ஏற்றுக்கூலியைத் தனித் தலைப்பில், கடைசி ரோட்டிலிருந்து வீடு வரையுள்ள தூரத்தை வைத்துக் கொடுக்கலாம். இரண்டு, சுவர் நன்றாக இருந்து கூரை மட்டும் போன வீடுகளுக்கும் உதவி வேண்டும். 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய வீடுகளைச் சீரமைக்க 2024-25இல் தனித் திட்டம் வந்தது. சொந்தக் காசில் கட்டிய பழைய ஓட்டு வீட்டுக்காரர் அதில் வரமாட்டார். குடிசையும் இல்லை, அரசு வீடும் இல்லை என்று அவர் நடுவில் நிற்கிறார்.

கனவு இல்லத்துக்கு மனுப் போடுபவர்கள் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது பட்டா. வீடு நிற்கும் இடம் சொந்தமாகவோ பட்டாவோடோ இருக்க வேண்டும். காட்டு எல்லையை ஒட்டிய மலைக் கிராமங்களில் சிமென்ட் மூட்டைக்கு முன்னால் இந்த ஒரு காகிதத்துக்காக நடக்கும் நடைக்கு எந்த எஸ்டிமேட்டிலும் இடமில்லை.