சராசரி போட்டுச் சிலம்பத்தைக் கெடுக்காதீர்கள்



நம் பழைய மாணவர் குழுவில் ஒரு ஸ்கிரிப்ட் சுற்றுகிறது. நொடிக்கு 60 பிரேம் உள்ள வீடியோவைக் கொடுத்தால், இரண்டிரண்டு பிரேமாகச் சராசரி எடுத்து 30 ஆக்கிவிடும். 'சினிமா மாதிரி வழுவழுப்பா இருக்கும் சார், இடமும் மிச்சம்' என்கிறார்கள். எழுதிய தம்பி கெட்டிக்காரன்தான். ஆனால் ஆண்டு விழாச் சிலம்ப வீடியோக்களை அதில் போட்டுவிட்டு மூலத்தை அழிக்கிறீர்களே, அதைத்தான் கடுமையாக எதிர்க்கிறேன்.

ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது. 30, 50 இரண்டின் சராசரி 40. இப்போது 40ஐ மட்டும் கொடுத்து, 'அந்த இரண்டு எண் எவை?' என்றால் யார் சொல்வீர்கள்? 10, 70 என்றும் இருக்கலாமே! படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் இதே இழப்புதான்.

சினிமா வழுவழுப்பு வேறு வழியில் வருவது. 24 பிரேம் எடுக்கும் கேமராவில் ஷட்டர் வழக்கமாக 1/48 நொடி திறந்திருக்கும். கை நகர்ந்த தடம் தொடர்ச்சியாகப் பதியும். நல்ல வெயிலில் செல்போன் ஷட்டர் 1/1000 நொடி அளவுக்கே திறக்கும். ஒரு பிரேமில் கம்பு இங்கே, அடுத்ததில் ஒரு முழம் தள்ளி. இரண்டையும் சேர்த்தால் தடமா வரும்? மங்கலாக இரண்டு கம்பு, பையனுக்கு நான்கு கை. பேய்ப்படம் எடுக்கவா விழா நடத்தினோம்?

வெளிச்சக் கணக்கும் தப்பு. கறுப்பு 0, வெள்ளை 255, பாதி 128 என்று ஸ்கிரிப்ட் போடுகிறது. கோப்பில் உள்ள எண்கள் வெளிச்சத்தின் நேர் அளவு அல்ல. பாதி வெளிச்சத்துக்கு ஏறக்குறைய 188 வரவேண்டும். அதனால்தான் அசையும் வெள்ளை வேட்டி அழுக்காகத் தெரிகிறது.

இடம்தான் கவலை என்றால் ஒன்றுவிட்டு ஒரு பிரேமை நீக்குங்கள். எஃப்எஃப்எம்பெக்கில் எஃப்பிஎஸ் 30 என்று கொடுத்தால் அதையே செய்யும். அசைவு கொஞ்சம் வெட்டி வெட்டித் தெரியும்தான். ஆனால் மிஞ்சும் ஒவ்வொரு படமும் கேமரா பார்த்த படம். 240 பிரேமில் எடுத்ததை எட்டெட்டாகச் சேர்த்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. இடைவெளி சிறிது, தடம் ஓரளவு சரியாக வரும். நம்மிடம் அப்படி ஒன்றுகூடக் கிடையாது.

சிலம்ப ஆசான் இப்போது நம்மோடு இல்லை. அவர் காலடி வைப்பைப் பிள்ளைகள் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் கற்கிறார்கள். நிறுத்திய இடத்தில் நான்கு பாதம் தெரிந்தால் எதைப் பார்த்துக் கால் வைப்பார்கள்?

மூல வீடியோ யாரிடமாவது இருந்தால் அழிக்காதீர்கள். பென்டிரைவில் கொண்டுவந்து கொடுங்கள், செலவு என்னுடையது. வாட்ஸ்அப்பில் மட்டும் வேண்டாம். அது தன் பங்குக்கு இன்னும் சுருக்கிவிடும்.