புகையும் முனகலும்

கணினியில் ஆடப்படும் போர் விளையாட்டொன்றைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவதா என்று முகஞ் சுழிப்போர் இருக்கக்கூடும். சரித்திரம் கற்பிக்கும் நண்பர் ஒருவரும் அவ்வாறே கேட்டார். “படத்தை மாற்றுவதும் சத்தத்தை மாற்றுவதும் பொம்மைக்குச் சட்டை மாட்டுகிற வேலைதானே?” என்றார் அவர். அன்று நான் மறுமொழி கூறவில்லை. இன்று கூற விரும்புகின்றேன்.

முதலில் வேலை இன்னதென்று சொல்லிவிடுகின்றேன். ஜோன் டில்லர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் வடிவமைத்த வாட்டர்லூ விளையாட்டு 1996 இல் வெளிவந்தது. பின்னர் நெப்போலியன் காலப் போர்கள் பலவற்றை அவர் ஒரு தொடராகவே ஆக்கினார். அறுகோணக் கட்டங்களாகப் பகுக்கப்பட்ட நிலப்படத்தில் இரு தரப்பாரும் முறைமாறிப் படைகளை நகர்த்துவர். படங்களும் ஓசைகளும் தனித்தனிக் கோப்புகளாக இருப்பதால், ஒன்றை எடுத்துவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைத்தாற் போதும். விதிகள் மாறா, தோற்றமும் ஒலியும் மாறிவிடும். இதனையே ஆடுவோர் ‘மொட்’ என்கின்றனர். டில்லர் 2021 இல் மறைந்தார். ஆயினும் இவ்வகை விளையாட்டுகளுக்குப் புதுப்படம் வரைவோரும் புது ஒலி சேர்ப்போரும் இன்றும் உளர். ஊதியம் எதுவுமின்றி, ஒரு படைப்பிரிவின் கழுத்துப்பட்டி என்ன நிறம் என்றறிவதற்காகப் பழைய நூல்களைத் துருவுகின்றார்கள்.

இந்தப் பித்து கணினியோடு பிறந்ததன்று. வில்லியம் சைபோர்ன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி 1830 இல் வாட்டர்லூக் களத்துக்குச் சென்று, மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்தார். போரிற் கலந்துகொண்ட அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, உங்கள் படை எவ்விடத்தில் நின்றது, வயலில் நின்ற பயிர் யாது என்றெல்லாம் வினவினார். பல்லாயிரம் உலோகப் பொம்மைகளோடு அவர் அமைத்த மாதிரிக் களம் 1838 இல் இலண்டனிற் காட்சிக்கு வந்தது. பிரஷ்யப் படைக்கு அவர் அளித்த இடம் வெலிங்டன் தரப்பாருக்கு உவக்கவில்லை. பின்னர், பெருந்தொகையான பிரஷ்யப் பொம்மைகளை அவரே களத்திலிருந்து அகற்றினார். வெற்றியிற் பங்கு யாருக்கு என்ற வழக்கு பொம்மைகளின் தொகையிலே தங்கியிருந்தது! பொம்மையை வைப்பதும் எடுப்பதும் சரித்திரத்தை எழுதும் ஒரு முறையே அன்றோ? நண்பருக்கு என் முதல் விடை இதுதான்.

விடை இவ்வளவே எனின் நான் எழுத முற்பட்டிரேன். மொட் ஆக்குவோரிடமும் எனக்கு ஒரு வழக்குண்டு. நான் கண்டவற்றுட் பல, களத்தைத் துடைத்து மெருகிடுகின்றன. செங்கோட்டு வெள்ளையர் ஒருபுறம், நீலக்கோட்டுப் பிரெஞ்சுக்காரர் மறுபுறம். பொத்தான்கள் யாவும் மின்னுகின்றன. உண்மையில், 1815 ஜூன் 17 இரவு பெய்த பெருமழையில் நனைந்து, சேற்றிற் படுத்தெழுந்தவர்களே மறுநாட் போர் புரிந்தனர். அக்காலத்து வெடிமருந்து கக்கிய வெண்புகை களத்தையே மூடிற்று. பிரஷ்யர், தம் பக்கத்து நஸோப் படையினரைப் பிரெஞ்சுக்காரரெனப் பிழையாகக் கருதிச் சுட்டனர். உடையின் ஒற்றுமை அத்தகைய மயக்கத்தை விளைத்தது. ஒவ்வொரு படையையும் பளிச்செனப் பிரித்துக் காட்டுகின்ற படம், அம்மயக்கத்தில் மாண்டவர்களை மறைத்துவிடுகின்றது. ஆடுவோருக்குத் தெளிவு வேண்டாமா என்பர். வெலிங்டனுக்கு அத்தெளிவு கிடைத்ததா என்று நான் கேட்பேன்.

ஓசையின் செய்தியும் இதுவே. ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பீரங்கியின் தீயைக் கண்டவன் அதன் முழக்கத்தைக் கேட்க மூன்று விநாடி காத்திருக்க வேண்டும். அன்றைய தினம் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவில் நின்ற மார்ஷல் குரூஷி வாட்டர்லூவின் பீரங்கி முழக்கத்தைக் கேட்டார். ஓசை வரும் திசைக்கே செல்வோம் என்று தளபதி ஜெரார் வற்புறுத்தினார். குரூஷியோ, பிரஷ்யரைத் தொடருமாறு தமக்கிடப்பட்ட கட்டளையைக் கூறி மறுத்து, வாவ்ர் நோக்கிச் சென்றார். ஓசையைக் கேட்பதும் அதற்குப் பொருள் கொள்வதும் பேரரசொன்றின் விதியோடு பிணைந்திருந்தன. ஆகவே, எல்லாப் பீரங்கிக்கும் ஒரே வெடியோசையை இட்டு நிரப்புவதை நான் ஒப்பேன்.

எனினும், இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. முரசும் எக்காளமும் குதிரைக் குளம்படியும் கேட்கின்றன. போர் ஓய்ந்தபின் எழுந்த ஓசை கேட்பதில்லை. வாட்டர்லூவில் ஒரே நாளில் 40,000க்கு மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். காயமுற்றோரிற் பலர் அன்றிரவு முழுவதும், சிலர் அதன்பின் நாட்கணக்கிலும், அங்கேயே கிடந்தனர். நீர் கேட்டு முனகிய அக்குரல்களுக்கு ஒலிக்கோப்பு இல்லை. பீரங்கி முழக்கத்தை ஏட்டில் மாத்திரம் அறிந்தவர்களல்லர் இந்நாட்டு மக்கள். முழக்கம் அடங்கியபின் எழுவது எது என்பதை நாம் அறிவோம்.

விளையாட்டைத் தடை செய்க என்று நான் கூறவில்லை. மாணவன் ஒருவன் இதன்வழி நெப்போலியனைத் தேடி நூலகத்துக்குச் செல்வானாயின் மகிழ்வேன். கழுத்துப்பட்டியின் நிறத்துக்காக ஆறு மாதம் உழைக்கும் அன்பர்களிடமே என் வேண்டுகோள். விதிகளை மாற்ற உங்களால் இயலாது. ஓசையை மாற்ற இயலும். வெற்றி இன்னாருக்கு என்ற அறிவிப்புத் திரையில் தோன்றும் அவ்வேளையில், எக்காளத்தை எடுத்துவிட்டு, அரை நிமிடம் அம்முனகலை வையுங்கள். அதன்பின் என் நண்பர் வந்து கேட்கட்டும், இது பொம்மைக்குச் சட்டை மாட்டுகிற வேலையா என்று.