விற்ற சரக்கை வாபஸ் வாங்குவது யாரிடம்?

கெட்ட சரக்கை விற்றுவிட்ட வியாபாரி அதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் ஆட்சேபணை இல்லை. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், ஆபத்தான சரக்கை வாபஸ் பெறும்படி உத்தரவிடுவதற்கு ஒரு மத்திய அதிகார சபையை ஏற்படுத்தியிருக்கிறது. கம்பெனிக்காரர்களும் பத்திரிகையின் ஒரு மூலையில் பொடி எழுத்தில் ஒரு விளம்பரத்தைப் போட்டுத் தங்கள் கடமை தீர்ந்ததென்று கையைக் கழுவிக்கொள்ளுகிறார்கள். நாம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். யாரிடமிருந்து வாபஸ் வாங்குகிறார்கள்? வாங்கினவர் இன்னார் என்றே தெரியாதபோது வாபஸ் என்கிற வார்த்தைக்கு அர்த்தம் என்ன?

கடை அலமாரியில் இருக்கும் சீசா யாரையும் கொல்லுவதில்லை. வீட்டுக்குப் போன சீசாதான் கொல்லுகிறது. ஆனால் இன்று வாபஸ் வாங்கப்படுவதெல்லாம் பெரும்பாலும் அலமாரிச் சரக்குதான். கம்பெனிக்கு மொத்த வியாபாரியைத் தெரியும். மொத்த வியாபாரிக்குச் சில்லறைக் கடைக்காரரைத் தெரியும். சில்லறைக் கடைக்காரருக்கு வாங்கினவரைத் தெரியாது. சங்கிலியின் கடைசிக் கண்ணி இல்லாததால் முழுச் சங்கிலியும் வீணாகிறது.

இது நாம் கற்பனையாய்ச் சொல்லுவதல்ல. 1937-ம் வருஷம் அமெரிக்காவில் மாசன்கில் என்ற கம்பெனி, சல்பனிலமைடு என்ற நல்ல மருந்தை டைஎதிலீன் கிளைகால் என்ற திரவத்தில் கரைத்து, பழவாசனை சேர்த்து விற்றது. அந்தத் திரவம் மூத்திரக் காயைக் கெடுத்து ஆளைக் கொல்லும் விஷம். குழந்தைகளும் பெரியவர்களுமாக நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். கம்பெனி முதலில் அனுப்பிய தந்தியில் சரக்கைத் திருப்பி அனுப்பும்படி சொல்லியிருந்ததே தவிர, உயிருக்கு ஆபத்து என்று சொல்லவில்லை. சர்க்கார் வற்புறுத்திய பிறகே அந்த வார்த்தையைச் சேர்த்து இரண்டாம் தந்தி போயிற்று. பிறகு உணவு மருந்து இலாகாவின் சிப்பந்திகள், ஏறக்குறைய 239 பேர், நாடு முழுவதும் புறப்பட்டு விற்பனைக் கணக்குகளையும் டாக்டர் சீட்டுகளையும் ஒவ்வொன்றாய்ப் புரட்டி, முகவரியே இல்லாத பெயர்களையெல்லாம் தேடிப்பிடித்து, தயாரான 240 காலனில் 234 காலனுக்குமேல் மீட்டார்கள். மீதியிருந்த சில காலன்தான் அத்தனை உயிரையும் குடித்தது.

இது 1937-ல் நடந்த கதை. இனி நமது காலத்துக்கு வருவோம். 2022-ல் ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற சின்னஞ்சிறு நாட்டில், இந்தியாவில் தயாரான மருந்துத் தண்ணீரைக் குடித்த சுமார் 70 குழந்தைகள் மாண்டார்கள். அதிலும் இதே விஷம் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. செஞ்சிலுவைச் சங்கத்தார் வீடு வீடாய்ப் போய் மருந்தைத் திரட்டினார்கள். 2025-ல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா ஜில்லாவில், நமது காஞ்சிபுரம் ஜில்லாவில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டார்கள். பரிசோதனையில் அந்த மருந்தில் நூற்றுக்கு 48.6 பங்கு அதே விஷம் என்று கண்டது. அங்கேயும் வீடு வீடாய்ச் சென்று மருந்தை மீட்கும்படியே சர்க்கார் உத்தரவிட வேண்டியதாயிற்று.

தோழர்களே! 1937-க்கும் 2025-க்கும் இடையில் 88 வருஷங்கள். மனிதன் சந்திரனில் இறங்கித் திரும்பிவிட்டான். ஆனால் விஷச் சீசா எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்டால், இன்றைக்கும் வாசல் வாசலாய்ப் போய்க் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. இது அறிவுக் குறைவா அல்லது அக்கறைக் குறைவா?

அறிவுக் குறைவல்ல என்பது நமக்கு நன்றாய்த் தெரியும். மோட்டார் கார் வாங்கினவருக்கு அதில் பழுது கண்டால் கம்பெனி கடிதம் எழுதுகிறது. அமெரிக்காவில் 1966-ம் வருஷத்திலேயே இதற்குச் சட்டம் செய்துவிட்டார்கள். நம் ஊர் ரேஷன் கடையில் சர்க்கரை வாங்கினால் உடனே அட்டைக்காரரின் கைபேசிக்குச் செய்தி வருகிறது. கடனுக்கு மிக்ஸி வாங்கினவன் ஒரு தவணை தவறினால், அவனுடைய வீட்டையும் மாமனார் வீட்டையும் கண்டுபிடித்து ஆள் வருகிறான். பாக்கியை வசூலிக்க விலாசம் கிடைக்கிறது. பிள்ளையைக் காப்பாற்ற விலாசம் கிடைப்பதில்லை! இதைவிட வெட்கக்கேடு வேறென்ன இருக்கிறது?

மருந்துக் கடைகளுக்கு இது புதிய வேலையுமல்ல. 2014 முதல் அமலில் இருக்கும் விதிப்படி, காசநோய் மருந்து முதலிய சிலவற்றை விற்கும்போது டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் தனி ரிஜிஸ்தரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2023 முதல் 300 மருந்துகளின் மேலுறையில் கியூஆர் கோடு போட வேண்டுமென்றும் உத்தரவாகியிருக்கிறது. அது சரக்கின் ஜாதகத்தை எல்லாம் சொல்லும். சரக்கு யார் வீட்டில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லாது.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபணைகளையும் கவனிப்போம். சிறு வியாபாரிக்குச் சுமை என்கிறார்கள். எல்லாச் சரக்குக்கும் வேண்டாம். உப்புக்கும் புளிக்கும் நாம் பெயர் கேட்கச் சொல்லவில்லை. குழந்தை மருந்து, குழந்தைத் தொட்டில், காஸ் அடுப்பு, மின்சாரச் சாமான் என்று உயிரோடு விளையாடக்கூடியவற்றுக்குப் போதும். அதன் செலவைத் தயாரிப்பவனே ஏற்கட்டும்.

மற்றொரு ஆட்சேபணை, பெயரும் நம்பரும் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு விளம்பரக்காரர்கள் தொல்லை கொடுப்பார்கள் என்பது. இது நியாயமான பயம். ஆனால் பரிகாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் 1993-ல் வாபஸ் வாங்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு மடக்குத் தொட்டில், 1998-ல் மடங்கி விழுந்து ஒன்றரை வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தையின் கழுத்தை நெரித்துக் கொன்றது. ஐந்து வருஷமாகியும் வாபஸ் செய்தி அந்தத் தொட்டில் இருந்த வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் பெற்றோர் ஓயாது பாடுபட்டதன் பேரில் 2008-ல் சட்டம் வந்தது. அதன்படி குழந்தைகளுக்கான தொட்டில், நாற்காலி போன்ற சாமான்களோடு தபால் கட்டணம் செலுத்திய ஒரு கார்டையும் கம்பெனி கொடுக்க வேண்டும். அதில் எழுதி வரும் பெயரையும் விலாசத்தையும் ஆபத்தை அறிவிப்பதற்குத் தவிர வேறு எதற்கும் உபயோகிக்கக் கூடாது. இதே நிபந்தனையை நாமும் தண்டனையோடு சேர்த்துக்கொள்ளலாமே!

மூன்றாவது ஒரு சமாதானமும் உண்டு. "அதன் ஆயுள் அவ்வளவுதான்" என்பது. இதைக் கம்பெனிக்காரன் சொல்ல வேண்டியதே இல்லை. அவனுக்காக நாமே சொல்லிக்கொள்ளுகிறோம். ஆயுள் அவ்வளவுதான் என்பது உண்மையானால், 1937-ல் சிப்பந்திகள் எட்டிப் பிடித்த சீசாக்களுக்கு உரியவர்கள் பிழைத்தது எப்படி? அவர்களைக் காப்பாற்றியது தலையெழுத்தல்ல. கடைக்காரன் கணக்கில் இருந்த எழுத்து.

இதில் யார் சாகிறார்கள் என்பதையும் யோசியுங்கள். பத்திரிகை படிக்கிறவன் விளம்பரத்தைக் காண்கிறான். கூலி வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் தாய், நேற்று வாங்கிய மருந்தை இன்றும் ஒரு கரண்டி ஊற்றிக் கொடுக்கிறாள். அவளும் அதே விலையைத்தான் கொடுத்தாள். அவளுக்கு அறிவிப்பது தர்மமல்ல. அவள் காசு கொடுத்து வாங்கிய உரிமை.

ஆகவே நாம் வேண்டுவது இதுதான். ஆபத்தான சரக்குகளுக்கு பேட்ச் நம்பரோடும் வாங்கினவரின் பெயர், கைபேசி நம்பரோடும் ரசீது கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். கைபேசி இல்லாதவர்களுக்காகக் கிராமச் செவிலியருக்கும் ரேஷன் கடைக்கும் உடனே தகவல் போக வேண்டும். எத்தனை சீசா விற்றது, எத்தனை வீட்டுக்குச் சொல்லப்பட்டது, எத்தனை திரும்பி வந்தது என்று கம்பெனி பகிரங்கமாய்க் கணக்குக் காட்ட வேண்டும். கணக்குக் காட்டாத வாபஸ் வாபஸே அல்ல.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. மருந்து வாங்கும் ஒவ்வொரு தோழரும் ரசீது கேளுங்கள். பேட்ச் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் நம்பரை எழுதிக்கொள்ளும்படி சொல்லுங்கள். எழுத்தறியாத அண்டை வீட்டாருக்கும் கேட்டு வாங்கிக் கொடுங்கள். "இதெல்லாம் எதற்கு?" என்று கடைக்காரர் சிரித்தால், சிந்த்வாராவைச் சொல்லுங்கள்.